6 லட்சம் லோன் போட்டு ஸ்டெம் செல் ஊசி போடலாமா? இஎம்ஐ-க்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விகள்

வழக்கமா நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டு லோன்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் கனமான விஷயம். வீடியோவுல எல்லாத்தையும் சொல்ல நேரம் பத்தல. அதனால இங்க விரிவா எழுதுறேன்.

நம்ம வீடியோக்களைப் பாக்குற ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தான். வயசு 27, கைக்கு வர்ற சம்பளம் 48,000. அவனோட அக்கா பெங்களூருல வாடகை வீட்டுல இருந்து வேலைக்குப் போய்ட்டு இருந்தாங்க. பாத்ரூமுக்கு உள்ளயே கேஸ் கீசர், சின்ன ஜன்னல், குளிர்காலம்னு அதையும் சாத்தி வெச்சிருந்தாங்க. குளிக்கப் போனவங்க மயங்கி விழுந்துட்டாங்க. ஐசியு-ல இருந்து ஆறாவது நாள் நடந்தே வீட்டுக்கு வந்தாங்க. எல்லாரும் நிம்மதியா இருந்த நேரத்துல, மூணு வாரம் கழிச்சு பேச்சு குறைஞ்சது, நடை தள்ளாடுச்சு, பெத்த அம்மாவோட பேரே சட்டுனு ஞாபகம் வரல.

கார்பன் மோனாக்சைடு விஷத்தால மூளையில ஏற்பட்ட தாமதமான பாதிப்புன்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. ஒரு சொந்தக்காரர் வாட்ஸ்அப்ல ஒரு கிளினிக்கோட விளம்பரத்தை அனுப்பினார். மூணு தவணை ஸ்டெம் செல் ஊசி, மொத்தம் 6 லட்சம். தம்பி என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, பர்சனல் லோன் எடுக்கவா, இல்ல அக்கா நகையை அடகு வெக்கவா?"

எந்த வட்டி கம்மின்னு நான் அவனுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருந்துச்சு. அந்த 6 லட்சத்துக்கு உண்மையிலேயே நாம என்ன வாங்குறோம்?

நான் டாக்டர் இல்ல. சிகிச்சை முடிவை உங்க நரம்பியல் மருத்துவர்கிட்ட பேசித்தான் எடுக்கணும். நான் சொல்லப்போறது பணத்தைக் கொடுக்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டியதை மட்டும்.

முதல்ல, இந்த வாயு என்ன செய்யுது?

கேஸ், கரி, பெட்ரோல், டீசல்னு எது சரியா எரியாம போனாலும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம்ம ரத்தத்துல ஆக்சிஜனை ஏத்திட்டுப் போற ஹீமோகுளோபினோட இது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும். பஸ்ல இருக்கிற எல்லா சீட்டுலயும் டிக்கெட் எடுக்காதவங்க உக்காந்துட்ட மாதிரி. ஆக்சிஜன் வெளியில நிக்கும், ஏற இடம் இருக்காது.

இதுல ஒரு ஆபத்தான விஷயம் இருக்கு. விரல்ல மாட்டுற சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ரெண்டையும் பிரிச்சுப் பாக்காது. ஆள் மயக்கத்துல இருப்பாங்க, மெஷின் 98-ன்னு காட்டும். சரியான அளவு தெரியணும்னா ஆஸ்பத்திரியில தனியா ரத்தப் பரிசோதனை செய்யணும்.

சாதாரண காத்தை சுவாசிச்சா, ரத்தத்துல இருக்கிற இந்த விஷம் பாதியா குறைய சுமார் 4 முதல் 5 மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியா முழு ஆக்சிஜன் கொடுத்தா ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம். அதிக அழுத்தத்துல ஆக்சிஜன் கொடுக்கிற ஹைபர்பேரிக் அறைக்குள்ள வெச்சா அரை மணி நேரத்துக்குள்ளேயே பாதி போயிடும். அமெரிக்காவுல 152 பேரை வெச்சு செஞ்சு 2002-ல வெளியான ஆய்வுல, இந்த அறை சிகிச்சையை முதல் 24 மணி நேரத்துக்குள்ள மூணு தடவை எடுத்தவங்கள்ல 25 சதவீதம் பேருக்குத்தான் ஆறு வாரம் கழிச்சு ஞாபகம், சிந்தனை சம்பந்தமான பிரச்சினை இருந்துச்சு. எடுக்காதவங்கள்ல அது 46 சதவீதம். பலன் தெரியலன்னு சொன்ன ஆய்வுகளும் இருக்கு, அதனால டாக்டர்களுக்குள்ள இதுல விவாதம் இன்னும் முடியல. ஆனா கேட்க வேண்டிய நேரம் முதல் நாள்தான், மூணு மாசம் கழிச்சு இல்ல.

நல்லாயிட்டாங்கன்னு நினைச்ச பிறகு ஏன் திரும்ப வருது?

ஆக்சிஜன் இல்லாம மூளைக்குள்ள சில இடங்கள் நேரடியா அடிவாங்கும். முக்கியமா, அசைவுகளைக் கட்டுப்படுத்துற குளோபஸ் பேலிடஸ்னு ஒரு பகுதி. அது போக, நரம்பு இழைகளைச் சுத்தி, கரண்ட் வயருக்கு மேல பிளாஸ்டிக் உறை மாதிரி மயலின்னு ஒரு உறை இருக்கும். விஷம் ரத்தத்தை விட்டுப் போன பிறகும் உடம்போட அழற்சி அந்த உறையை மெதுவா அரிக்கும். அதனாலதான் சில நாள்ல இருந்து சில வாரம் வரைக்கும் நல்லா இருந்துட்டு, அப்புறம் மறதி, தள்ளாட்டம், குணமாற்றம், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாம போறதுன்னு வரும். பல வீடுகள்ல இதை "மனசு சரியில்ல"ன்னு நினைச்சு நாளை வீணாக்கிடுறாங்க.

இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான ஒரு வரி உண்டுன்னா அது இதுதான்: இந்தத் தாமதமான பாதிப்பு வந்தவங்கள்ல நிறைய பேர், சில மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள தானாவே ஓரளவோ பெருமளவோ தேறி வர்றாங்க. எல்லாரும் இல்ல. ஆனா நிறைய பேர்.

இதுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? 2020 மார்ச்ல நிஃப்டி 7,500 கிட்ட விழுந்துச்சு. 2021 அக்டோபர்ல 18,000-ஐ தாண்டுச்சு. நடுவுல யார் டிப்ஸ் கொடுத்தாலும் பலிச்சது. டெலிகிராம்ல இருந்தவங்க எல்லாம் எக்ஸ்பர்ட் ஆனாங்க. ஏறினது மார்க்கெட், பேர் வாங்கினது டிப்ஸ்காரர். அதே மாதிரி தானா தேறக்கூடிய ஒரு நோய்க்கு எந்த ஊசி போட்டாலும், ஆறு மாசம் கழிச்சு ஊசிதான் வேலை செஞ்சதுன்னு தோணும். ஊசி போட்டவங்களையும் போடாதவங்களையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாத்தாத்தான் உண்மை தெரியும். கிளினிக் அனுப்புற "முன்-பின்" வீடியோவுல அந்த ஒப்பீடு இருக்காது.

செல் சிகிச்சை சுத்தப் பொய்யா?

இல்ல. இதுல நியாயமான அறிவியல் இருக்கு. எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி இதுல இருந்து எடுக்கிற மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் அழற்சியைக் குறைக்கிற, நரம்பு செல்களைக் காப்பாத்துற பொருட்களைச் சுரக்கும்னு ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க. விளம்பரத்துல காட்டுற மாதிரி செத்துப்போன மூளை செல்லுக்குப் பதிலா புது செல் முளைச்சு உக்காரும்ங்கிற கதை வேற. கார்பன் மோனாக்சைடு பாதிப்புக்கு இந்த செல்களை எலிகள்ல சோதிச்சிருக்காங்க. குளிர்காலத்துல கரி அடுப்பால இந்த விபத்து அதிகம் நடக்கிற சீனாவுல இருந்து சின்ன அளவு மனித ஆய்வுகளும் வந்திருக்கு. ஆனா இது வேலை செய்யுதுன்னு உறுதி செய்யிற பெரிய, ஒப்பீட்டோட கூடிய ஆய்வு இல்ல.

ஜப்பான்ல 2024 ஜூலைல, மூளையில அடிபட்டதால வந்த கை கால் செயலிழப்புக்கு ஒரு செல் மருந்துக்கு அனுமதி கொடுத்தாங்க. அதுவும் நிபந்தனையோட, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். "ஜப்பான்லயே அனுமதிச்சுட்டாங்க"ன்னு யாராவது சொன்னா ஞாபகம் வெச்சுக்கோங்க: அது தலையில அடிபட்டவங்களுக்கு. விஷ வாயு பாதிப்புக்கு இல்ல. அந்த மருந்தும் உங்க ஊர் கிளினிக்ல போடுறதும் ஒண்ணு இல்ல.

நம்ம நாட்டு விதி என்ன சொல்லுது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், உயிரித் தொழில்நுட்பத் துறையோட சேர்ந்து 2017-ல தேசிய வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. அதன்படி ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையா கொடுக்கலாம்னா, ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி நோய்களுக்குச் செய்யிற ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு மட்டும்தான். மத்த எல்லாம் ஆராய்ச்சி. அனுமதி வாங்கின மருத்துவ ஆய்வுக்குள்ள மட்டும்தான் கொடுக்கணும். ஆய்வுல சேர்ற நோயாளிகிட்ட அந்த ஆராய்ச்சிக்காகப் பணம் வாங்கக் கூடாதுங்கிறதுதான் ஐசிஎம்ஆர் நெறிமுறை.

இதை ரெண்டு வரியில பாத்தா உங்க கணக்கு முடிஞ்சுது:

- இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சைன்னு சொன்னா, மூளை பாதிப்புக்கு அப்படி ஒண்ணு அங்கீகாரத்துல இல்ல.
- இது ஆய்வுன்னு சொன்னா, 6 லட்சம் எதுக்கு?

ஆய்வுன்னு சொன்னா, சிடிஆர்ஐ-ங்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டோட எண் கேளுங்க. அந்தத் தளத்துல யார் வேணாலும் இலவசமா தேடிப் பாக்கலாம். எந்த நோய்க்கு, எந்த ஆஸ்பத்திரியில, யார் அனுமதி கொடுத்தாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும்.

ஆனா பதிவு எண் இருந்தாலே நம்பிடாதீங்க. அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல 72 முதல் 88 வயசு வரைக்கும் இருந்த மூணு பெண்கள், கண்பார்வைக்காக ஒரு கிளினிக்ல தங்களோட கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை கண்ணுக்குள்ள ஊசியா போட்டுக்கிட்டாங்க. தலைக்கு 5,000 டாலர் கட்டினாங்க. அது அமெரிக்காவோட ஆய்வுப் பதிவேட்டுலயும் இடம்பெற்றிருந்த விஷயம். மூணு பேருக்கும் பார்வை போச்சு. இந்த விவரம் 2017-ல ஒரு முன்னணி மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஆய்வுக்கு நோயாளி கையில இருந்து பணம் கேட்டதே அங்க முதல் எச்சரிக்கை மணி.

"வேலை செய்யலன்னாலும் கெடுதல் இல்லையே"ன்னு வீட்ல பெரியவங்க சொல்வாங்க. பக்கவாதத்துக்காக சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோன்னு போய் முதுகுத்தண்டு வழியா ஸ்டெம் செல் போட்டுக்கிட்ட ஒருத்தருக்கு, முதுகுத்தண்டுல கட்டி வளர்ந்ததை 2016-ல மருத்துவ இதழ்ல பதிவு செஞ்சிருக்காங்க. அதனால கெடுதலே இல்லன்னு யாரும் சொல்ல முடியாது.

இன்சூரன்ஸ் கொடுக்குமா?

ஐசியு, ஸ்கேன், ஆக்சிஜன் செலவெல்லாம் உங்க ஹெல்த் பாலிசியில பொதுவா வந்துடும். ஹைபர்பேரிக் ஆக்சிஜனுக்கு பாலிசிக்கு பாலிசி வித்தியாசம் இருக்கலாம், ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல முன்கூட்டியே கேட்டுடுங்க.

ஸ்டெம் செல் கதை வேற. 2019-ல ஐஆர்டிஏஐ, இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒதுக்கக் கூடாதுன்னு 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியல் போட்டுச்சு. அதுல ஸ்டெம் செல் இருக்கு. அதைக் காட்டித்தான் சில பேர் "இன்சூரன்ஸ் உண்டு"ன்னு சொல்வாங்க. முழு வரியைப் படிங்க: ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று மட்டும். மூளை பாதிப்பு அதுல வராது. மேலும் உங்க பாலிசியில "எக்ஸ்க்ளூஷன்" பகுதியில 16-வது குறியீடு, நிரூபிக்கப்படாத சிகிச்சைகளுக்குப் பணம் கிடையாதுன்னு நேரடியா சொல்லும். இன்னைக்கே உங்க பாலிசி பிடிஎஃப்-ஐ திறந்து பாருங்க.

பர்சனல் ஆக்சிடென்ட், கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி இருந்தா விதிமுறையை வார்த்தை வார்த்தையா படிங்க. கோமான்னா 96 மணி நேரமாவது உயிர்காப்புக் கருவி உதவியோட இருந்திருக்கணும்ங்கிற மாதிரி வரையறை இருக்கும். வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டுற பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்துல ஊனத்துக்கான பணம் கண், கை, கால் இழப்பைத்தான் பாக்குது. மறதி அந்த வரையறைக்குள்ள வராது.

இப்போ லோன் கணக்கு

6 லட்சம், 14 சதவீத வட்டி, 5 வருஷம்னு வெச்சுக்குவோம்.

- மாச இஎம்ஐ: சுமார் 13,960
- 5 வருஷத்துல கட்டுறது: சுமார் 8,37,600
- அதுல வட்டி மட்டும்: சுமார் 2,37,600

48,000 சம்பளத்துல இது 29 சதவீதம். அஞ்சு வருஷம். அக்காவுக்கு வேலை இல்ல, அந்த வருமானமும் நின்னு போச்சு. அந்த நேரத்துல இது.

அதே 13,960-ஐ வேற விதமா பாருங்க. பிசியோதெரபி ஒரு சிட்டிங் 500 ரூபாய்னு வெச்சா, மாசம் 20 சிட்டிங் 10,000. மிச்சத்துல வாரம் ஒரு பேச்சுப் பயிற்சி. ஊருக்கு ஊர் ரேட் மாறும், ஆனா விஷயம் புரியுதுல்ல? நடை, பேச்சு, ஞாபகப் பயிற்சி இதெல்லாம் விளம்பரம் இல்லாத, பொறுமை வேணும்ங்கிற செலவு. கடன் வாங்காம மாசாமாசம் பண்ணலாம். பலன் இல்லன்னா நிறுத்தலாம், மாத்தலாம். ஊசிக்குக் கட்டின 6 லட்சத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

இந்த நேரத்துல செய்ய வேண்டிய பண வேலைகள்

1. ராஜினாமா கடிதம் அவசரப்பட்டு கொடுக்காதீங்க. வேலை போனா கம்பெனி குரூப் இன்சூரன்ஸும் போயிடும். மெடிக்கல் லீவ், சம்பளமில்லா லீவ் எவ்வளவு நாள் கிடைக்கும்னு ஹெச்ஆர்கிட்ட எழுத்துல கேளுங்க.

2. சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா இஎஸ்ஐ அட்டையைத் தேடுங்க. சிகிச்சை மட்டும் இல்ல, வேலைக்குப் போக முடியாத நாளுக்குப் பணமும் உண்டு.

3. பிஎஃப்-ல மருத்துவக் காரணத்துக்கு முன்பணம் எடுக்க வழி இருக்கு. பர்சனல் லோனுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

4. ஊனச் சான்றிதழ். பாதிப்பு நிலைச்சு 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல இருந்து, அவங்க உங்களைச் சார்ந்து இருந்தா, பழைய வரி முறையில 80டிடி கழிவு 75,000. 80 சதவீதம் அல்லது அதுக்கு மேலன்னா 1,25,000. உடன்பிறந்தவங்களுக்கும் இது பொருந்தும்.

5. அவங்க போன், யுபிஐ. மறதியில இருக்கிறவங்க ஓடிபி-யை யார் கேட்டாலும் சொல்லிடுவாங்க. யுபிஐ வரம்பைக் குறைங்க. ஆட்டோ டெபிட்ல என்னென்ன போகுதுன்னு பட்டியல் எடுங்க. இதை அவங்ககிட்ட சொல்லி, அவங்க மரியாதை குறையாம செய்யுங்க.

6. கிளினிக்குக்கு மூணு கேள்வி, மெயில்ல. சிடிஆர்ஐ எண் என்ன? ஆய்வுன்னா நான் ஏன் பணம் கட்டணும்? ஊசியால பாதிப்பு வந்தா செலவு யாருது? வாட்ஸ்அப் கால்ல வர்ற பதில் பதில் இல்ல.

தம்பி என்ன செஞ்சான்?

அந்த மூணு கேள்வியை அனுப்பினான். பதிலுக்கு "இந்த வாரம் புக் பண்ணா 50,000 தள்ளுபடி"ன்னு வந்துச்சு. லோன் விண்ணப்பத்தை நிறுத்திட்டான். நகை லாக்கர்ல இருக்கு.

அக்கா அதிசயமா குணமாகலை. ஏழு மாசம் ஆச்சு, இப்போ தனியா நடக்குறாங்க, காலையில அவங்களே காபி போடுறாங்க. ஏடிஎம் பின் நம்பர் இன்னும் நிக்கல. வேலைக்குத் திரும்புவாங்களான்னு தெரியல. "ஊசி போட்டிருந்தா இன்னும் சீக்கிரம் தேறியிருப்பாங்களோன்னு ராத்திரியில தோணுது அண்ணா"ன்னு போன வாரம் எழுதியிருந்தான். அந்த நெருடலை என்னால எடுக்க முடியாது. அந்தக் கேள்விக்கு இன்னைக்கு யார்கிட்டயும் நேர்மையான பதில் இல்ல, 6 லட்சம் கேட்டவங்ககிட்டயும் இல்லன்னு மட்டும் சொன்னேன்.

கடைசியா, ரொம்ப சின்ன செலவு

வாடகை வீடு பாக்கும்போது கீசர் எங்க இருக்குன்னு பாருங்க. கேஸ் கீசர் பாத்ரூமுக்கு உள்ள இருந்தா, வெளிய மாத்தித் தரச் சொல்லி ஓனர்கிட்ட கேளுங்க, இல்லன்னா வேற வீடு பாருங்க. கொடைக்கானல், ஊட்டி போனா குளிருக்காக அறைக்குள்ள கரி அடுப்பு, பார்பிக்யூ வேண்டாம். அப்படி உயிர் போன சம்பவங்கள் நடந்திருக்கு. மூடின ஷெட்டுல காரை ஓடவிட்டு உள்ள உக்காராதீங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைன்ல சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. பாத்ரூமுக்குள்ள போனவங்க வெளிய வரலன்னா கதவை உடைங்க, காத்தோட்டமான இடத்துக்குக் கொண்டு வாங்க, 108-க்கு போன் பண்ணுங்க, "கேஸ் கீசர்"ங்கிற வார்த்தையை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

இந்தப் பதிவை உங்க ரூம்மேட்ஸ் குரூப்ல ஒரு தடவை போடுங்க. பெங்களூரு, புனேல தங்கி வேலை பாக்குற நண்பர்கள் இருந்தா கண்டிப்பா. உங்க பாலிசியில எக்ஸ்க்ளூஷன் 16 என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியோட வரையறைகளை ஒண்ணொண்ணா பாக்கலாம்.